காஸ் அடுப்பைப் பற்றி நான் கட்டிவிட்ட கதை

அன்புள்ள மகனுக்கு,

உன் மீது இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே எல்லாரும் சுகம். சுகமில்லாதவர்களின் பட்டியலை உன் உம்மா தன் கடிதத்தில் எழுதுவாள். அந்த இலாகாவை நான் அவளுக்கே விட்டுவிட்டேன். நான் எழுதப்போவது வேறு ஒரு சங்கதி. அடுத்த மாதம் நீ கலியாணத்துக்கு வந்து கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கினால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் குறைந்தது நான்கு பேர் உன்னை மறித்து, உன் வாப்பா பார்த்த வேலை தெரியுமா என்று கேட்பார்கள். ஐந்தாவது ஆள் சலூன்காரர். மாப்பிள்ளைக்கு முடி வெட்டும் நாளில் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு சொல்வார். இல்லை என்று தலையை ஆட்டவும் உன்னால் முடியாது. ஆகவே ஊர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உன் கலியாணம் என் வாயால் கிட்டத்தட்ட நின்றுபோயிற்று. எதிரி செய்யவில்லை, கண்ணூறு இல்லை, செய்வினையும் இல்லை. என் வாய்தான்.

எங்கே தொடங்குவது என்று யோசித்தால், எல்லாம் விறகில்தான் தொடங்குகிறது. உனக்குத் தெரியும், விறகு விற்கிற நம் கொட்டில், இந்த விறகு காலை, தலையெடுத்தது எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு. கரையோரம் முழுக்கத் தென்னை மரங்கள் தொழுகையில் நிற்பவர்களைப் போல வரிசையாகச் சரிந்து கிடந்தன. ஊர் கூரையைத் தேடிக்கொண்டிருந்தபோது உன் வாப்பா கோடரியைத் தேடிக்கொண்டிருந்தான். விழுந்த மரத்தை வெட்டி அடுக்குவதில் பாவம் ஒன்றும் இல்லை, ஊருக்கும் வளவு துப்புரவானது. ஆனால் விழுந்த மரம் எத்தனை நாளைக்கு? அது முடிந்ததும் நிற்கிற மரத்துக்குப் போனோம். முதலில் மாவடிப்பள்ளிக்கு அப்பால் வயல் ஓரத்துப் பற்றைக்காடுகள். காலையில் போன வண்டி பகல் லுஹருக்கு முன் திரும்பிவிடும். பிறகு பின்னேரம் அசர் ஆனது. பிறகு விடியுமுன், சுபஹு தொழாமல் புறப்பட்ட வண்டி பொழுதுபட்டு மஃரிபுக்கும் வராது. காடு ஏன் இப்படித் தள்ளித் தள்ளிப் போகிறது என்று வண்டிக்காரரிடம் நான் கேட்டேன். அவர் மாட்டின் வாலை முறுக்கிக்கொண்டே, காடு நடக்கவில்லை, நாங்கள்தான் அதைத் தின்றுகொண்டு நடக்கிறோம் என்றார். அன்றைக்கு எனக்கு அது பகிடியாகத்தான் பட்டது.

நீ வளைகுடாவுக்குப் போய் முதல் வருடம் அனுப்பிய கடிதங்களில் வெயிலும் சாப்பாடும் தவிர ஒன்றும் இருக்கவில்லை. இரண்டாம் வருடம் உன்னைக் காஸ் பிரிக்கிற இடத்தில் குழாய் பொருத்துகிற பிட்டராகப் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்த கடிதங்களின் தோரணையே மாறிவிட்டது. பூமிக்குள்ளிருந்து எண்ணெயோடு காற்றும் வருகிறது, புகை இல்லாமல் எரிகிறது, உம்மாவின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அதுதான் மருந்து என்று எழுதினாய். அதோடு நிற்கவில்லை. உன்னோடு அறையில் இருந்த பெரியநீலாவணைத் தம்பி லீவில் வந்தபோது, அவரிடம் ஒரு காஸ் அடுப்பையும் கொடுத்துவிட்டாய். சிலிண்டரைக் கொழும்பில் ஆள் வைத்து எடுத்து லொறியில் ஏற்றியும் அனுப்பியிருந்தாய். நீல அடுப்பு. வெள்ளிப் பிடி. உன் உம்மா அதைப் பார்த்த பார்வையை என்னைப் பெண் பார்க்க அழைத்துப்போன நாளில் என்மீது அவள் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

இப்போது முதல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த அடுப்பு ஏற்றப்படவே இல்லை. நீ கேட்டபோதெல்லாம் 'நல்லா எரியுது மகன்' என்று நான் எழுதியது பொய். அடுப்பு பத்திரமாகக் கட்டிலுக்குக் கீழே, நான் உடுத்த பழைய சாரத்தில் சுற்றப்பட்டு, ஒரு நோன்பு, ஒரு ஹஜ்ஜுப் பெருநாள், மறுபடியும் ஒரு நோன்பு என்று காலம் கழித்தது. யோசித்துப் பார். விறகுக்காரன் வீட்டுக் குசினியில் காஸ் எரிகிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால், அடுத்த நாள் என் காலையில் யார் வந்து நிற்பார்? மீன் வியாபாரி வீட்டில் கருவாடு வாங்கித் தின்றால் ஊர் என்ன நினைக்கும்? இப்படியெல்லாம் உன் உம்மாவிடம் நியாயம் சொன்னேன். அவள் இருமி முடித்துவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னாள்: "நீங்க விறகுக்குப் பயப்படுறீங்க, நான் புகைக்குப் பயப்படுறன்." மறுகா ஊதாங்குழலை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அவள் சண்டை பிடித்திருந்தால் நான் வென்றிருப்பேன். பேசாமல் குனிந்த ஆளோடு என்ன செய்வது?

ஒரு அடுப்பை ஒளித்துவிட்டேன். ஆனால் ஊரில் மற்ற அடுப்புகள் வரத் தொடங்கின. கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் ஒன்று. வெளிநாட்டுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அங்கொன்றும் இங்கொன்றும். அதே நாட்களில் காரைதீவில் ஒரு மாஸ்டர், மாட்டுச் சாணத்தைக் குழியில் கரைத்து அதிலிருந்து காஸ் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு நான் போய்ப் பார்த்தேன். எதிரியின் படைபலத்தை நேரில் பார்த்து வருவது என் வழக்கம். நல்ல மனிதர். சைக்கிளை நிறுத்துவதற்குள் செவ்விளநீர் வெட்டித் தந்து, குழியைக் காட்டி, குழாயைக் காட்டி, நீல நெருப்பில் தேத்தண்ணியும் வைத்துத் தந்தார். தேத்தண்ணியில் சாண வாடை துளியும் இல்லை. அதுதான் எனக்கு ஆபத்தாகப் பட்டது.

திரும்பி வரும் வழியில் தேத்தண்ணிக் கடையில் ஏறினேன். அங்கே நான் பொய் சொல்லவில்லை மகன், இதை மட்டும் நம்பு. ஒரு கேள்விதான் கேட்டேன். காரைதீவில் மாட்டுச் சாணத்தில் எடுக்கிறார்கள், கண்ணால் பார்த்தேன். அரபு நாட்டிலிருந்து சிலிண்டரில் அடைத்து வருகிறதே, அது எதன் சாணமோ, ஆருக்குத் தெரியும்? அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. அன்று அசருக்குள் அது ஒட்டகச் சாணமாகிவிட்டது. மஃரிபுக்குப் பிறகு கழுதை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ கலைந்து செருப்பைத் தேடும்போது, ஒருவர் என் காதோடு, வெள்ளைக்காரன் பன்றிப் பண்ணையிலிருந்து எடுத்து அனுப்புகிறானாம், காக்கா, உங்களுக்குத் தெரியாதா என்று அண்ணன் முறை வைத்து என்னிடமே சொன்னார். நான் தலையை ஆட்டி உச்சுக்கொட்டினேன். நாம் அனுப்பிய பிள்ளை மீசையும் தாடியுமாக வளர்ந்து திரும்பி வந்தால் எப்படி அடையாளம் தெரியும்?

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததை எழுதினால் நீ சிரிப்பாய், சிரித்துவிட்டுக் கோபிப்பாய். ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பெண்கள் அடுப்பை ஏழு தடவை கழுவி, மண் போட்டும் ஒரு தடவை தேய்த்து, கடைசியில் கொல்லைப்புறத்தில் கோழிக்கூட்டின் மேல் வைத்துவிட்டார்கள். அந்த வீட்டில் நோன்புக் கஞ்சி கொடுத்தால் அடுத்த வீட்டில் வாங்குவார்கள், குடிக்கமாட்டார்கள். காரைதீவு மாஸ்டர் என்னைச் சந்தையில் கண்டு, "காக்கா, என்ட மாட்டுக்கு ஏன் பண்டிப் பேர் வெச்ச?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டது எனக்குச் சுட்டது. ஆனால் என் காலையில் விறகு நிற்கவில்லை. வண்டி வர வர, இறக்க இறக்க விற்றுப்போனது. நானும் வாயைத் திறக்கவில்லை. வாய் திறந்து செய்ததைவிட, மூடிக்கொண்டு செய்ததுதான் பெரிய குற்றம் என்று இப்போது நினைக்கிறேன்.

இனி உன் கலியாணத்துக்கு வருகிறேன். மருதமுனைப் பெண்ணைப் பேசி முடித்தது உன் மாமி, என் ராத்தா. எல்லாம் நன்றாகவே போயிற்று. பெண்ணின் வாப்பா தறி வைத்திருப்பவர், நாலு ஏக்கர் வயலும் உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவதுதானே நம் பக்கத்து வழமை, ஆகவே மகளுக்கென்று புதுவீடு கட்டி, சுவர் பூச்சும் முடிந்துவிட்டது. அப்படியிருக்க ஒரு நாள் ராத்தா வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. பெண்ணின் உம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: மாப்பிள்ளை வேலை பார்ப்பது அந்த அசிங்கத்தில் காஸ் எடுக்கிற இடத்திலாமே, அப்படியானால் அந்த உழைப்பு ஹலாலா, அதைத் தின்று நம் பிள்ளை வாழ்வதா? பெண்ணின் வாப்பாவும் யோசிக்கிறாராம். பதில் இல்லாமல் நாள் குறிக்க வேண்டாமாம்.

சொல்லி முடித்து ராத்தா என் முகத்தைப் பார்த்தாள். உன் உம்மாவும் பார்த்தாள். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒருவனைப் பார்த்தால் அவன் எவ்வளவு சிறுத்துப்போவான் என்பதை நீ கலியாணம் முடித்த பிறகு கற்றுக்கொள்வாய். தேத்தண்ணிக் கடையில் நான் எறிந்த கல், ஊரெல்லாம் சுற்றி, ஆற்றைத் தாண்டி, என் மகன் போய்க் குடியிருக்கப்போகிற கூரையிலேயே விழுந்திருந்தது. காஸை அசிங்கம் என்று சொன்னபோது அந்தக் காஸுக்குப் பக்கத்தில் நீ நிற்கிறாய் என்பது எனக்கு ஒரு தடவைகூட மனதில் வரவில்லை. அடுப்பை மட்டும்தான் பார்த்தேன்.

நான் முதலில் செய்தது என்ன? குறுக்கு வழி தேடினேன். தொழுகை நடத்தும் பள்ளி லெவ்வையிடம் போய், ஊர்க்கவலை கொண்டவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, காஸில் ஆக்கின சோறு மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று கேட்டேன். அவர் தஸ்பீஹு மணி உருட்டுவதை நிறுத்தவில்லை. "நிலத்துக்குள்ள அல்லாஹ் வெச்ச பொருள். மண்ணெண்ணெய் கூடுமெண்டா அதுவும் கூடும். இதக் கேக்கவா வந்த?" என்றார். அதை வரும் ஜும்ஆவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஊரின் குழப்பம் தீரும் என்று இழுத்தேன். அப்போதுதான் தஸ்பீஹு நின்றது. "நான் சொல்லலாம், ஊரும் நம்பும். ஆனா நீங்க கட்டின முடிச்ச நான் அவிழ்த்தா, வாற மாசம் நீங்க இன்னொண்டு கட்டுவீங்க. கட்டின கையே அவிழ்க்கட்டும்." கதையைக் கட்டியது யார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது மகன். தெரியாது என்று நினைத்துக்கொண்டு திரிந்த ஒரே ஆள் நான்தான்.

மறுநாள் அசருக்குப் பிறகு மருதமுனைக்குப் போனேன். கையில் உன் கடைசிக் கடிதம், இரண்டு தாள். ராத்தா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். வெட்கப்படும்போது பார்வையாளர் குறைவாக இருப்பது நல்லது. உன் வருங்கால மாமனார் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது. உள்வாசல் திரைக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது திரை அசைவதிலேயே தெரிந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் ஓடிவிடுவேன் என்று எனக்கே பயம். "காஸ் பத்தி ஊருல ஒரு கதை இரிக்கே, அதக் கட்டினவன் ஆரெண்டு தெரியுமா? அவன் இஞ்சதான் இரிக்கான். உங்கட தேத்தண்ணியக் குடிச்சிக்கிட்டு."

அவர் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "விறகுக்காகவா?" என்றார். ஓம் என்றேன். "பெத்த மகன்ட வேலையையா?" அதற்கும் ஓம் என்றேன். அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி கேட்டார். "அண்டைக்கு ஒண்டு சொன்னீங்க. இண்டைக்கு ஒண்டு சொல்லுறீங்க. எத நம்புற, காக்கா?" நியாயமான மனிதர். உனக்கு நல்ல மாமனார் கிடைத்திருக்கிறார் என்று அந்த இடத்திலேயே நினைத்தேன், கிடைப்பாரோ மாட்டாரோ என்ற நடுக்கத்தோடு. என் வாயை நம்ப வேண்டாம், மகனின் எழுத்தை நம்புங்கள் என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை எடுத்தேன்.

முதல் தாளைச் சத்தமாக வாசித்தேன். சாணமும் இல்லை, பிராணியும் இல்லை, நம் பாட்டன் பூட்டனுக்கு எத்தனையோ யுகம் முன்னால் கடலடியில் புதைந்து போன சின்னஞ்சிறு உயிர்கள் பாறைக்குள் அவிந்து உண்டான காற்று இது என்று நீ எழுதியிருந்தாய். அதில் லேசானதைக் குழாயில் விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள், பாரமானதை அமுக்கித் திரவமாக்கிச் சிலிண்டரில் அடைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நிலக்கரியும் எண்ணெயும் கக்குகிற கரியும் புகையும் இதில் இல்லை என்றும், இப்படிப்பட்ட காற்றிலிருந்துதான் யூரியாவும் செய்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். யூரியா என்ற இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தினேன். நாலு ஏக்கர்க்காரர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கண்ணைத் தாழ்த்தினார். அவருக்கே கணக்கு விளங்கியது. காஸ் அசிங்கமென்றால், யூரியா எறிந்து விளைந்த நம் சோறு முழுக்க அசிங்கம். பள்ளிக் கந்தூரி முதல் கலியாணப் பிரியாணி வரை ஒன்றும் மிஞ்சாது. திரைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் உம்மா யாரிடமோ பணியாரம் எடுக்கச் சொன்னது கேட்டது. வென்றுவிட்டேன் மகன். கலியாணம் திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது தாளை நைசாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனேன்.

அப்போது திரைக்குள்ளிருந்து ஒரு இளம் குரல், அவசரமில்லாமல், தன் வாப்பாவைக் கேட்டது: "வாப்பா, அவங்கட கையில இன்னொரு தாள் இரிக்கே. அதுல என்ன எழுதியிரிக்காம்?"

அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது எழுதியவனுக்குத் தெரியும். மேலே 'உம்மாவுக்குக் காட்ட வேண்டாம்' என்று கோடு போட்டு எழுதியிருந்தாய். அது வீட்டுச் சங்கதி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பணியாரமும் வந்துவிடும். என் வாய்க்கு அது ஒரு வேலையே அல்ல. ஆனால் அந்த வாய் எந்த இலட்சணத்தில் வேலை பார்த்தது என்று சொல்லத்தானே அங்கே போயிருந்தேன். கூடாதது என்று பொய் சொல்லிக் கெடுத்தவன், குறையை மறைத்து நல்லதாக்கினால் அதுவும் அதே பொய்யின் மறுபக்கம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விரித்தேன். 

வாசித்தேன். வாங்க ஆளில்லாத காஸையும் குழாய் போடாத இடத்துக் காஸையும் உயரமான கம்பத்தின் உச்சியில் இரவு பகலாக எரித்துத் தள்ளுகிறார்கள், பாலைவனத்தில் விடிவதும் இருள்வதும் தெரியாத ஒரு செம்மஞ்சள் வானம் இருக்கிறது, உம்மா ஊதி ஊதி அடுப்பு மூட்டுகிற ஞாபகம் வரும்போது அதைப் பார்க்க முடிவதில்லை என்று நீ எழுதியிருந்ததை. நிலத்திலிருந்து வரும் காஸோடு அழுகின முட்டை நாற்றமுள்ள ஒரு நஞ்சும் சில வேளை கூட வரும், கொஞ்சமென்றால் நாறும், அதிகமென்றால் மூக்கே செத்துப்போய் ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்ததை. ஒரு மூட்டில் கசிந்து இரண்டு பேர் விழுந்ததையும், நீயும் இன்னொருவரும் முகமூடியோடு இழுத்து வந்ததையும், அவர்கள் பிழைத்துக்கொண்டதையும். அங்கே கம்பத்தில் கட்டிய துணிப்பையைப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக ஓடுவதுதான் முதல் பாடம் என்பதை. ஒரு கிழட்டு இஞ்சினியர் சொன்னதாக நீ எழுதியதையும் வாசித்தேன். எரித்தாலும் எரிக்காவிட்டாலும் இது மேலே போய் உலகத்தைப் போர்வை போலப் போர்த்துகிறதாம். எரிக்காமல் கசிந்தால் அந்தப் போர்வை இன்னும் தடிப்பாம். மற்ற எரிபொருளைவிட நல்லதுதான், ஆனால் நல்லது என்று சொல்லிக்கொண்டு ஓட்டைக் குழாயோடு இருந்தால் அந்த நல்லதையும் காற்றிலே விட்டுவிடுவோம் என்றாராம். கடைசியில், வீட்டுச் சிலிண்டர் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் போலத் தரையோடு படுத்துக் கிடக்கும், உம்மாவை அடுப்பு மூட்டுமுன் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தாய்.

பணியாரம் வரவில்லை. பெண்ணின் உம்மா, "அப்பிடியான இடத்துலயா அந்தப் புள்ள நிக்கிற" என்று தனக்குள் சொன்னது மட்டும் கேட்டது. அந்தக் குரலில் அசிங்கம் போய்விட்டிருந்தது, பயம் வந்திருந்தது. கூடும், கூடாது என்று சொல்ல, பயத்துக்கு லெவ்வையிடம் பத்வா கிடையாது. அப்புறம் அந்த இளம் குரல் ஒன்றே ஒன்று கேட்டது: "தரையோட கிடக்குமெண்டுதான் எழுதியிரிக்கா?" மறுபடி பார்த்து, ஓம், தரையோடு என்றேன். யோசித்துச் சொல்லுகிறோம் என்று உன் மாமனார் படலை வரை வந்து வழியனுப்பினார். சைக்கிளில் ஏறி மிதிக்க மறந்து, கொஞ்ச தூரம் அதை உருட்டிக்கொண்டே நடந்தேன்.

மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளில் நான் இரண்டு வேலை செய்தேன். ஒன்று, தேத்தண்ணிக் கடையில் அதே வாங்கில் உட்கார்ந்து, அந்தக் கதையைக் கட்டியவன் நான், அது பொய் என்று சொன்னேன். பொய்யைச் சொன்னபோது ஒரு மணி நேரத்தில் நம்பிய ஊர், உண்மையைச் சொன்னபோது, 'காக்காவுக்கு மகன் காஸில் பங்கு எடுத்துக் கொடுத்துவிட்டான் போல' என்றது. ஜவுளிக்கடைக்காரர் வீட்டு அடுப்பு இன்னும் கோழிக்கூட்டின் மேல்தான் இருக்கிறது. அதன் கீழே ஒரு கோழி அடைகாக்கிறது. காரைதீவு மாஸ்டரிடம் மட்டும் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடியும் இளநீர் வெட்டினார். இரண்டாவது, கட்டிலுக்குக் கீழே குனிந்து சாரத்தை அவிழ்த்து அடுப்பை எடுத்தேன். உன் உம்மா வாசலில் நின்று, "இப்ப ஆரு பாத்தாலும் பரவாயில்லியா?" என்றாள். ஊரே பார்த்தாயிற்று, இனி என்ன என்றேன். கதவு, சன்னல் எல்லாம் திறந்து வைத்து, நீ எழுதியபடி சவர்க்கார நுரையைக் குழாயின் மூட்டில் பூசி, காற்றுக் குமிழி விடுகிறதா என்று நான் தரையில் படுத்துக்கிடந்து பார்க்க, அவள் மூட்டினாள். நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது. முதல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எப்படி என்று கேட்டேன். "தேத்தண்ணி தேத்தண்ணிதான். ஆனா குனியத் தேவையில்ல" என்றாள். அவ்வளவு காலம் அவள் குனிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன், எண்ணிப் பார்க்கவில்லை.

சிலிண்டர் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்தது கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை. அதுவரை பழையபடி விறகுதான், பழையபடி இருமல்தான். விறகு காலையை நான் மூடவும் இல்லை; மூடினால் ஊரில் பாதி அடுப்பு எரியாது. ஆனால் நிற்கிற மரத்துக்கு வண்டி அனுப்புவதை நிறுத்திவிட்டேன். தென்னை மட்டை, பனங்கொட்டை ஊமல், ஆலை உமி, காய்ந்து விழுந்தது, இவ்வளவும்தான். வண்டிக்காரருக்கும் மாட்டுக்கும் சந்தோஷம். காஸ் வந்தால் காடு பிழைக்கும், உம்மாமாரின் நெஞ்சு பிழைக்கும், அதை நான் இப்போது மனதார நம்புகிறேன். நீ நிற்கும் இடத்தில் வீணாக எரியும் அந்த நெருப்பை ஒருநாள் யாராவது குழாய்க்குள் அடக்குவார்கள் என்றும் நம்புகிறேன். அடக்குகிறவர்களில் நீயும் ஒருவனாக இரு. அங்கே ஒரு மூட்டு கசிந்தால், மேலாளுக்குப் பிடிக்காது என்று வாயை மூடிக்கொள்ளாதே. வாயை மூடிக்கொண்டு இருப்பதன் விலை எனக்குத் தெரியும். எதையும் விற்கப் போகிறவன் நல்லதை மட்டும் சொல்வான், கெடுக்கப் போகிறவன் கெட்டதை மட்டும் சொல்வான். நீ இரண்டு தாளும் எழுதுகிறவன். அப்படியே இரு.

சிலிண்டர் முடிவதற்கு வெகு முன்பே, நான் மருதமுனைக்குப் போய் வந்த நான்காம் நாள், ராத்தா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் போய் உட்கார்ந்தாள், எனக்கு உயிர் வந்தது. பெண்ணின் வாப்பாவும் உம்மாவும் மூன்று நாளாய் வேண்டும் வேண்டாம் என்று இழுபட்டார்களாம். கடைசியில் பெண் சொன்னாளாம்: "நல்லதையும் கெட்டதையும் ஒரே கையால எழுதுற மனிசனோட பயமில்லாம இரிக்கலாம். காத்து எந்தப் பக்கமெண்டு பாத்து நிக்கச் சொல்லுங்க." அறுவடை முடிந்து வரும் வெள்ளிக்கு நாள் வைத்துவிட்டார்கள். சீதனத்திலும் ஒரு மாற்றம் கேட்டிருக்கிறாள், எங்களிடமில்லை, தன் வாப்பாவிடம்.

பூச்சு முடிந்த புதுவீட்டுக் குசினிச் சுவரை உடைக்கச் சொல்லியிருக்கிறாள். வேலை இந்தக் கிழமைதான் தொடங்கியது. மேசனுக்கு விளங்கவில்லை; சன்னல் வேண்டுமென்றால் மேலே அல்லவா வைப்பது? இல்லை, தரையோடு, முற்றத்துப் பக்கம், ஒரு கல் அளவு என்று நின்று காட்டியிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்தவளாம். பாரமானது தரையோடு கிடந்தால், வெளியே போகத் தரையோடுதானே வழி வேண்டும் என்று கேட்டாளாம். எலி வரும் என்றார் மேசன்; கம்பிவலை அடியுங்கள் என்றாள். நேற்று நானும் போய்ப் பார்த்தேன். மருதமுனையில் அந்த ஓட்டைக்கு ஒரு பேரும் வைத்துவிட்டார்கள்: 'விறகுக்காரன்ட வாய்'. உன் மாமனார் எனக்குக் கேட்காதபடி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் முழந்தாளிட்டுக் குனிந்து, சிமெந்து காயாத அந்த ஓட்டைக்கு நேரே முகத்தை வைத்தேன். கடற்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. எதிர்ச்சுவரிலும் இதற்கு நேரே இன்னொன்று வெட்டச் சொல்லியிருக்கிறாள், வருவது போகவும் வேண்டுமாம். கெதியாக வந்து சேர் மகன், இந்தப் பிள்ளையிடம் நம் வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

துஆவுடன்,
உன் வாப்பா